பன்றித்தலை சிரித்த அறை

கால்மே தீவு
மார்ச் 4

மான்ஹோ,

புன்யே எழுதுகிறேன். உனக்கு ஒரு அக்கா இருந்தாளே, அவள்தான். போனில் உன் எண்ணை மூன்று வருடமாக அடைத்து வைத்திருக்கிறேன், இனியும் திறப்பதாக இல்லை. அதனால் தபால். காற்று அடித்தால் மொக்போ துறைமுகப் படகு வராது, கடிதமும் போகாது. போகும்போது போகட்டும், என் கோபம் அதற்குள் ஆறிவிடாது.

நேற்று ஊர்த்தலைவர் மெங் உப்புப் பாத்திக்கே வந்துவிட்டார். பருவம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், முழங்கால் வரை சேறு. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வரப்பில் நின்றார். அந்த மனிதர் அப்படிச் சிரித்தால் யார் தலையிலோ எதையோ கட்டப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

"புன்யே, நம்ம தீவுக்கு யோகம் அடிச்சிருக்கு. புது மாதிரி பேட்டரிப் பெட்டி வருது. நாட்டுலயே முதல் பெட்டி. எரியவே எரியாதாம்."

"எங்க வைக்கப் போறாங்க?"

"அதான்... சோலார் தகடு பக்கத்துல. உன் நிலத்துல. பழைய பெட்டி இருந்த எடம் சும்மாதானே கெடக்கு."

"சும்மாவா கெடக்கு?"

"சும்மான்னா... அந்தச் சும்மா இல்ல. உன் தம்பிதான் செய்யுறானாமே! உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. மெங்குக்குத் தெரிந்திருக்கிறது, படகில் டிக்கெட் கிழிப்பவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

தீக்குப் பிறகு அந்த இடத்தை நீ பார்த்ததில்லை. சிமெண்ட் தளம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது, எத்தனை மழை பெய்தும் போகவில்லை. பழைய பெட்டி தீப்பிடித்த அன்று தீவில் தீயணைப்பு வண்டி கிடையாது என்பதால் ஊர் ஆண்களே குழாயைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் கில்நாம் முன்னால் நின்றார். பெட்டி வெடித்துக் கதவு பிளந்து வந்து அடித்ததில் போனார்.

நீ என்ன செய்தாய்? மொக்போவில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில், எழவுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து, மாட்டுக்கறிக் குழம்பில் சோற்றை முக்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனுக்குப் பாடம் நடத்தினாய். "உள்ள இருந்தது திரவம், அதான் புடிச்சுது. திடப்பொருளா இருந்திருந்தா அத்தான் இன்னிக்கு உயிரோட இருப்பார்." ஊதுபத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு அடைத்தேன் உன் எண்ணை.

இப்போது அதே இடத்தில் உன் சரக்கைக் கொண்டுவந்து இறக்கப் போகிறாய். ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறார்கள், நிலம் என் பேரில் இருப்பதால் கையெழுத்துக்குப் பதில் குத்துகிற என் முத்திரை இல்லாமல் ஒன்றும் நடக்காது. நான் குத்தமாட்டேன். லாரி படகைவிட்டு இறங்கினால் அதன் முன்னால் படுப்பேன்.

தாக் புன்யே


சொங்ஜு
மார்ச் 12

அக்கா,

மூன்று வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்கிறாய். எங்கே சொல்வது? அடைத்துவைத்த போனுக்குள் தலையை விட்டுக் கூவச் சொல்கிறாயா? முதல் இரண்டு வருடப் புத்தாண்டுக்கும் பேரிக்காய்ப் பெட்டி அனுப்பினேன், இரண்டும் அப்படியே திரும்பி வந்தன. ஒரு பழத்தைக்கூட நீ எடுத்திருக்கவில்லை.

நன்றாகக் கேள். முதல் பெட்டியைப் பெரிய நகரத்துக்கு அருகில் வைப்பதாகத்தான் இருந்தார்கள். நான்தான் சண்டை போட்டுத் தீவுக்கு வாங்கினேன். உங்கள் தகடுகள் மதியத்தில் தயாரிக்கும் மின்சாரத்தை வைக்க இடமில்லை என்று தினமும் நடுப்பகலில் அணைத்து வைக்கிறார்கள். சூரியன் இறங்கியதும் டீசல் எஞ்சினைப் போடுகிறீர்கள். குளிர்காலத்தில் படகு வராவிட்டால் டீசலும் இல்லை. இதைக் கேட்டு உனக்குக் கோபம் வரவில்லையா? எனக்கு வருகிறது. என் மேல் மட்டும்தான் கோபப்படுவேன் என்று நீ சத்தியம் செய்திருந்தால் அது வேறு.

பழைய பெட்டிக்குள் இருந்தது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் ஒரு திரவம். நாங்கள் செய்வதில் ஒரு சொட்டுத் திரவம் கிடையாது. பொடியை அழுத்தி வில்லையாக்குகிறோம், அந்த வில்லை வழியாகத்தான் மின்னூட்டம் போய் வருகிறது. தவிர இதில் லித்தியமும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. எங்கேயோ மலையைக் குடைந்து, ஆற்றைக் கெடுத்து எடுக்கவேண்டிய சரக்கு எதுவும் இல்லை. சோடியம், அக்கா. உன் பாத்தியில் நீ வாரிக் குவிக்கிற உப்பில் இருக்கிற அதே சோடியம்.

சும்மா வரவில்லை இது. இந்தப் பொடிக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் உப்பு மூட்டை எப்படிக் கசியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இது அதைவிட மோசம். அதனால் உலர் அறையில்தான் வேலை. பாலைவனம் அதற்கு முன்னால் ஈரமான இடம். கண் மட்டும் தெரிகிற உடுப்பு. ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு, ஏனென்றால் மனிதன் விடுகிற மூச்சிலேயே ஈரம் இருக்கிறது. சளி பிடித்தவனுக்கு அனுமதி இல்லை. மதியம் சூடாக நூடுல்ஸ் சாப்பிட்டவன் கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டுத்தான் வரவேண்டும். என் உதடு வெடித்து ரத்தம் வருகிறது, மூன்று வருடமாக ஆறவில்லை. யாருக்காக என்று நினைக்கிறாய்?

வரும் திங்கட்கிழமை புது உற்பத்தி வரிசையைத் தொடங்குகிறோம். எங்கள் இயக்குநர் பியோ, புதுக் காரியம் தொடங்கினால் கோசா படையல் வைத்தே தீரவேண்டும் என்கிறார், பன்றித்தலைக்குச் சொல்லியாகிவிட்டது. வரிசைக்குப் பொறுப்பாளன் என்று நானும் விழுந்து கும்பிட வேண்டும். கும்பிடும்போது அத்தான் பெயரைச் சொல்லத்தான் போகிறேன். நீ வேண்டாம் என்றாலும் சொல்வேன்.

மான்ஹோ


கால்மே தீவு
மார்ச் 27

மான்ஹோ,

உதடு வெடித்தால் எண்ணெய் தடவு. அதற்கெல்லாம் என்னிடம் இரக்கம் கிடைக்காது.

ஊர்க்கூட்டம் நடந்தது. நான் உன் கடிதத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவில்லை, ஆனால் அதில் இருந்ததைத்தான் சொன்னேன். திட்டிக்கொண்டேதான் சொன்னேன். அதையும் கேட்டுவிட்டு எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஓக்சிம் மட்டும் வாயைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரரும் அன்றைக்குக் குழாய் பிடித்தவர்தான், கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

"எரியாதுங்குறான். வெடிக்காதுங்குறான். அப்புறம் என்னதான்டீ செய்யும் அது?"

"சும்மா இருக்குமாம். பகல்ல வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி குடுக்குமாம்."

"அப்படி ஒரு மாப்பிள்ளை கெடைச்சா என் பொண்ணுக்குப் பாரு" என்றாள் அவள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், பிறகு அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. அந்தத் தளத்தைப் பற்றிப் பேசும்போது நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மெங் எழுந்து, "புன்யே சரின்னா ஊருக்குச் சரி. புன்யே வேணாம்னா யாருக்கும் வேணாம்" என்று என் கழுத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்வது சுலபம், மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் டீசல் தீர்ந்து, ஓக்சிம்மின் மாமியார் நின்றுபோன மூச்சுக் கருவியோடு இருட்டில் கிடந்தாள். கையாலேயே காற்றுப் பையை அமுக்கிக்கொண்டு விடிய வைத்தோம். சரி என்று சொல்லவேண்டிய இடத்துக்கு நீ என்னைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். அதுதான் இப்போதைய கோபம்.

கோசா எப்படி நடந்தது? அத்தான் பெயரைச் சொன்னாயா? அவர் படகு வாங்கியபோது நான்தான் சிவப்புப் பயறு தூவிப் புட்டு அவித்தேன், சட்டியோடு ஆவி பறக்கக் கொண்டுபோய்ப் படகில் வைத்தோம். பன்றித்தலை சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று மொக்போ சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினார். உங்கள் தலை சிரித்ததா?

ஒரு மூட்டை உப்பு அனுப்புகிறேன். கசிவெல்லாம் வடிந்த பழைய உப்பு. சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே, கிடங்கில் இடம் இல்லை.

தாக் புன்யே


சொங்ஜு
ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

இளவேனில் தொடங்கியுள்ள இவ்வேளையில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய உப்பு கிடைத்தது. மிக்க நன்றி.

தொடக்க விழா சிறப்பாக நடைபெற்றது. தயாரிப்புப் பணிகள் திட்டமிட்டபடி முடிந்துள்ளன. அனைத்துச் சோதனைகளிலும் பேட்டரிகள் தேர்ச்சி பெற்றுள்ளன. அவை முற்றிலும் பாதுகாப்பானவை என்பதைப் பொறுப்பாளர் என்ற முறையில் உறுதி கூறுகிறேன்.

தங்கள் ஒப்புதலை இம்மாத நடுப்பகுதிக்குள் வழங்கினால் மே மாதத் தொடக்கத்தில் பெட்டி தீவை வந்தடையும். தங்கள் ஒத்துழைப்புக்கு நிறுவனத்தின் சார்பில் நன்றி.

இப்படிக்கு,
தாக் மான்ஹோ


கால்மே தீவு
ஏப்ரல் 15

டேய்,

நீ அனுப்பியது என்ன கடிதமா, மின்வாரிய நோட்டீஸா? இளவேனிலாம், இவ்வேளையாம். உன் அக்காவுக்கு மிஷினில் அடித்து அனுப்புகிறாய்.

நீ மரியாதையாக இருக்கிறாய் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். சின்ன வயதில் பாத்திக்கு நீர் இறைக்கும் சக்கரத்தை உடைத்துவிட்டு, அன்று முழுவதும் அப்பாவுக்குக் கால் அமுக்கி, எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, அடுப்படியைக்கூடப் பெருக்கினாய். அம்மா அப்போதே சொன்னாள், "இந்தப் பய என்னத்தையோ ஒடச்சிருக்கான், போய்ப் பாருங்க" என்று. இப்போது எதை உடைத்தாய்?

கேட்டுக்கொள். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே முத்திரை குத்திவிட்டேன். ஆமாம், குத்திவிட்டேன். கறுப்புத் தளத்தில் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, நேராக மெங் வீட்டுக்குப் போய்க் குத்தினேன். கோபத்தில் எழுதிய உன் மார்ச் மாதக் கடிதத்தை நம்பினேன். மறுநாள் இந்தச் சவச் சிரிப்புக் கடிதம் வருகிறது.

கோசாவைப் பற்றிக் கேட்டேன், சிறப்பாக நடைபெற்றது என்கிறாய். அத்தான் பெயரைச் சொன்னாயா என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் கையால் எழுது. இல்லாவிட்டால் நானே சொங்ஜு வந்து உன் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்துகொள்வேன். உப்பு தள்ளும் பலகையோடு வருவேன்.

தாக் புன்யே


சொங்ஜு
ஏப்ரல் 21

அக்கா,

கையாலேயே எழுதுகிறேன்.

ஏப்ரல் எட்டாம் தேதிக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் இயக்குநர் பியோ சொல்லச் சொல்ல அடித்தது. உன் ஒப்புதலுக்கு என் கையெழுத்துதான் வேண்டும் என்றார். போட்டேன். நீ பலகையால் அடிக்க வந்தால் முதுகைக் காட்டுவேன். ஆனால் அதற்கு முன் உன் முத்திரையைத் திரும்ப வாங்கு.

கோசாவை வாசலில்தான் வைப்பதாக இருந்தது. மேஜை, பாய் எல்லாம் வாசலில் போட்டாயிற்று. போட்டோ பிடிக்கிறவன் வெளிச்சம் சரியில்லை என்றான். பியோ சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள கொண்டு போங்கப்பா, மிஷின் பின்னாடி தெரியணும்" என்றார். நான் உலர் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சார், உள்ள பொடித் தட்டெல்லாம் தெறந்து கெடக்கு. தலை இப்பத்தான் பானையிலிருந்து வந்திருக்கு, ஆவி பறக்குது. புட்டுச் சட்டி வேற. இத்தனை பேரு உடுப்பில்லாம..."

"மான்ஹோ, சாமி காரியத்துல ஈரம் காய்ஞ்சதுன்னு தர்க்கம் பண்ணாதய்யா. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் பண்ணுன தப்பு பத்து வருஷத்துக்கு உள்ளயே இருக்கும் சார்."

"என்னைக்காவது கோசா வச்சதால ஒரு தொழிற்சாலை மூடியிருக்கா? வைக்காததாலதான் மூடியிருக்கு. தள்ளு."

தள்ளிவிட்டுப் போனார்கள். பன்றி சிரித்துக்கொண்டே உள்ளே போயிற்று. எல்லாரும் சூட்டும் பூட்ஸுமாகப் பின்னாலேயே. புட்டுச் சட்டியைத் திறந்தபோது கண்ணாடியெல்லாம் மங்கிப்போனது. மக்கொல்லிக் கள்ளை அறையின் நாலு மூலையிலும் ஊற்றினார்கள், அக்கா. நாலு மூலையிலும். ஈரத்தைக் காட்டும் மானி ஏறிக்கொண்டே போய்க் கூவ ஆரம்பித்தது. அதன் வாயை அடைத்தார்கள், வாழ்த்துரை கேட்கவில்லையாம்.

பிறகு நாற்றம் வந்தது. அழுகின முட்டை நாற்றம். அந்தப் பொடி ஈரத்தைக் குடித்தால் அந்த வாயுவைத்தான் கக்கும், எங்கள் தொழிற்சாலையில் சின்னப் பையனுக்கும் தெரியும். பியோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "தலை கெட்டுப்போச்சு! எந்தக் கடைக்காரன்டா ஏமாத்துனான்?" என்று அதை வாங்கிவந்த பெண்ணைப் பிடித்துத் திட்டினார். அந்தப் பெண் அழுதாள். பன்றி நல்ல பன்றி. அதற்கு முன்னால் விழுந்து கும்பிடும்போது அத்தான் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. எப்படி வரும்?

அன்று திறந்து கிடந்த தட்டுகளை அழித்துவிடுங்கள் என்றேன். சோதனையில் போட்டுப் பார்த்தார்கள், தேறிவிட்டன. தேறத்தான் செய்யும், புதிதாக இருக்கும்போது எதுவும் தெரியாது. மாதங்கள் போனபின் கெட்டுப்போன வில்லைக்குள் சோடியம் முடிபோல வளர்ந்து ஊடுருவும், உறை கீறும். தீவின் உப்புக்காற்று உள்ளே போகும். பழையது மாதிரி எரியாது, அது உண்மை. மூடின பெட்டிக்குள் அந்த விஷ வாயு நிரம்பும். கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஏதோ சத்தம் கேட்கிறதே என்று யாராவது கதவைத் திறப்பான். உங்கள் தீவில் முதலில் போய்த் திறக்கிற மாதிரி மனிதர்கள்தானே இருக்கிறார்கள்.

இதைச் சொன்ன மறுநாள் என் இருக்கையை மாற்றிவிட்டார்கள். சுவரைப் பார்த்த ஒரு மேஜை. கணினி இல்லை, போன் இல்லை, வேலை இல்லை. காலையில் வந்து மாலை வரை சுவரைப் பார்க்க வேண்டும், தானாகவே எழுந்து போய்விடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். போகமாட்டேன். இந்தச் சுவருக்கு என்னைத் தெரியாது.

அன்றைய தட்டுகளில் செய்தவைதான் உன் பெட்டிக்குள் வருகின்றன. அவற்றை இறங்கவிடாதே.

மான்ஹோ


கால்மே தீவு
மே 8

மான்ஹோ,

முத்திரையைத் திரும்பக் கேட்டதற்கு மெங், "காகிதம் மாகாண அலுவலகத்துக்குப் போயிடுச்சே, நான் என்ன கடல்ல நீந்திப் போயா புடிப்பேன்?" என்றார். சரி, படகு இங்கேதானே வந்தாக வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

முந்தாநாள் வந்தது. லாரியின் மேல் வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை இலை படம். முன்னால் வெள்ளைக் கையுறையோடு உன் பியோ. பக்கத்தில் மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, மூங்கில் மாதிரி ஒல்லியான மனிதர். பின்னால் ஒருவன் தட்டில் பன்றித்தலையைத் தூக்கிக்கொண்டு நின்றான். உன் பியோவுக்குப் புத்தி வரவில்லை பார்.

இறங்கும் சாய்தளத்தில் நாங்கள் பெண்கள் எல்லாம் உப்புப் பலகையோடு உட்கார்ந்திருந்தோம். படுப்பேன் என்று எழுதியிருந்தேன், சிமெண்ட் குளிர்ந்தது, உட்கார்ந்தோம்.

"அம்மா, என்ன இது? உங்க தம்பியே பாதுகாப்புன்னு எழுதிக் குடுத்திருக்காரே!"

"எழுதலை. அடிச்சிருக்கான்."

"நீங்களே முத்திரை குத்தியிருக்கீங்க."

"குத்துனேன். அதான் நல்லபடியா வாங்கிக்கலாம்னு வந்திருக்கோம். கோசாவை மொதல்ல வச்சிடுவோம். தலையைப் பெட்டிக்குள்ள கொண்டு போங்க. நீங்க உள்ள போய்க் கும்பிடுங்க, நாங்க வெளிய கதவைச் சாத்திக்கிறோம்."

அவர் சிரித்தார். "கதவை எதுக்கும்மா சாத்தணும்?"

"கடல்காத்து உள்ள போகக்கூடாதுல்ல. ஈரம்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. மான்ஹோ, நான் பல பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு முகம் இவ்வளவு சீக்கிரம் வெளுத்து நான் பார்த்ததில்லை. "வெளிய நின்னு கும்பிட்டாலே போதும்மா. சாமி எல்லா எடத்துலயும்தானே இருக்கு" என்றார்.

ஓக்சிம் விடுவாளா? "சொங்ஜுல மட்டும் உள்ளதான் இருந்துச்சாக்கும்? அங்க தலையைத் தூக்கிக்கிட்டு உள்ளயே போனீங்களாமே!"

ஒல்லி அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் வெயில் உறைத்தது. "போயிட்டு வந்துடுங்களேன் சார். ஒரு கும்பிடுதானே? நேரமாவுது" என்றார்.

"எனக்கு... முட்டி வலி. குனிய முடியாது."

"குனிய வேணாம். நின்னுக்கிட்டு இருங்க. கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருங்க, போதும்" என்றேன் நான்.

அவர் பெட்டியின் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. படகுக்காரன் முதல் மெங் வரைக்கும் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த அதிகாரியும் பார்த்தார். கடைசியில் அவர் பியோவிடம், "நீங்களே உள்ள நிக்கமாட்டேங்குறீங்க. இதை நான் எப்படி இங்க எறக்கிட்டுப் போறது?" என்று கேட்டார். அதே படகில் பெட்டி திரும்பிப் போயிற்று. தலையை மட்டும் ஓக்சிம் இறக்கிக்கொண்டாள். மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்ட இறாலைத் தொட்டுக்கொண்டு ஊரே சாப்பிட்டது. நீ சொன்னது சரி, நல்ல பன்றி.

நான் ஜெயித்ததாக நினைக்காதே. சாயங்காலம் ஆனதும் டீசல் எஞ்சின் உறுமுகிறது, காயப்போட்ட துணியெல்லாம் புகை. மதியத்தில் இன்னமும் தகடுகளை அணைத்துத்தான் வைக்கிறார்கள். நல்லதாக வந்திருக்கவேண்டிய ஒரு பொருளை ஒரு போட்டோவுக்காகக் கெடுத்துவிட்டான் என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீயும் அவன் சொன்னதை அடித்து அனுப்பினாயே! நான் முத்திரை குத்தியது அந்த மனிதனை நம்பியா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எழவு வீட்டில் நீ சொன்னது பொய் என்று எனக்குக் கோபம் இல்லை. அது உண்மை என்பதுதான் கோபம். அவர் செத்திருக்க வேண்டியதே இல்லை என்பதை நீ எவனோ ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன். என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூனில் அவருடைய நினைவு நாள். வந்து கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போ. தளம் காலியாகத்தான் இருக்கும், வேறு யாருடைய பெட்டிக்கும் தரமாட்டேன்.

தாக் புன்யே


சொங்ஜு
மே 20

அக்கா,

மாகாண அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். மானியின் பதிவு, போட்டோ எல்லாம் கேட்டார்கள். போட்டோவில் பன்றி நடுவில், பியோ பக்கத்தில், பின்னால் திறந்த தட்டுகள். அவரே ஆசைப்பட்டு எடுத்த போட்டோ. இப்போது அவருக்கு உடல்நிலை சரியில்லை என்று நீண்ட விடுப்பில் இருக்கிறார். முட்டி வலியாக இருக்கலாம்.

அன்றைய சரக்கு முழுவதையும் அழிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சுவரைவிட்டு எழுந்து போனேன். ஒவ்வொரு வில்லையாக உடைத்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. கெடாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்ல வில்லைகள் என்று எனக்குத் தெரியும்.

இனி முதலிலிருந்து. உலர் அறைக் கதவில் என் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறேன்: உடுப்பு மாற்றாமல் உள்ளே வர யாருக்கும் அனுமதி இல்லை, சாமிக்கும்தான். கோசா இனி வாசலுக்கு வெளியே, தெருவில்.

எப்போது முடியும் என்று கேட்காதே. அடுத்த வருடம் என்று சொன்னாலும் பொய்யாக இருக்கலாம். அதுவரைக்கும் புகைத்துணியோடு என்னைத் திட்டிக்கொண்டே இரு.

நினைவு நாளுக்கு வருகிறேன். பேட்டரியைப் பற்றி எவனிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன், சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லவேண்டும், உன்னிடம்தான் சொல்லவேண்டும். முதல் நல்ல பெட்டி தயாரானதும், படகில் ஏற்றுவதற்கு முன்னால், நான் அதற்குள் போய் உட்காருவேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழு நாள். நீ வந்து வெளியில் பூட்டு.

மான்ஹோ


கால்மே தீவு
மே 28

மான்ஹோ,

பூட்டு வாங்கிவிட்டேன். பெரிய பூட்டு, சாவி என்னிடம் இருக்கும்.

காற்றுப் பார்த்துப் படகு ஏறு. கிளம்பும்போது போன் போடு, எடுப்பேன்.

உன் அக்கா